கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு பம்ப்

கடுகண்ணாவை ஏற்றத்தில் நாங்கள் போன வான் கொதித்து நின்றுவிட்டது. சாரதி பொனட்டைத் தூக்கி, பழைய துணி ஒன்றால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்து மெல்லத் திருகினார். ஆவி போன பிறகு ஒரு வாசம் வந்தது. இனிப்பு வாசம், கனிந்த பழத்தையும் மருந்துச் சீசாவையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத் திறந்தது போல. மற்றவர்கள் இறங்கித் தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டார்கள். நான் குனிந்து அந்தப் பச்சைத் திரவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே, குடிக்கப் போறீங்களா?" என்றார் சாரதி.

இதே திரவத்தைக் குடிக்கும்படி ஒரு காலத்தில் வேறொருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை.

அப்போது போர் அதன் கடைசி வருடங்களில் இருந்தது. சண்டை வடக்கில் நடந்தது. கண்டியில் எங்களுக்கு வந்து சேர்ந்தது அதன் அடையாள அட்டைப் பகுதி. பஸ்ஸிலிருந்து இறங்கு, ஏறு, பையைத் திற, ஊர் எது, எதற்கு வந்தாய். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். கண்டியில் ஓர் அச்சகத்தில் பக்கம் போடும் வேலை. கலியாண அழைப்பிதழ், தேர்த்திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், எல்லாம் என் விரல்கள் வழியாகத்தான் போகும். மஹியாவையில் ஒரு கடைக்கு மேலே மாடி அறை. வீட்டுக்கு எடுத்துவந்து வேலை செய்வதற்கென்று ஒரு கணினி வாங்கியிருந்தேன்.

அறையில் இன்னொருவன் இருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், என் வயது. கட்டடக் கம்பனி ஒன்றுக்கு வரைபடக்காரனாக வந்தவன். கம்பனி வேலையை நிறுத்தியது. வடக்குப் பாதையை மூடினார்கள். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவன் என் அறையில் தங்கினான். நன்றாகச் சமைப்பான். மீன் குழம்பு வைக்கும்போது யாரும் பேசக்கூடாது.

கணினியில் கட்டடம் கட்டுவது அவன் வித்தை. சுவர், படி, கண்ணாடி, கண்ணாடியில் விழும் வெயில் என்று எல்லாவற்றையும் அவன் கட்டினால் உள்ளே நடந்துபோகலாம் போல இருக்கும். கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் அவனுக்குப் பரீட்சை வைத்தது. ஒரு ஹோட்டல், அதன் நடுவில் நீச்சல் குளம், இரண்டு நிமிடப் படம். பதினாறு நாள் தவணை. படம் பிடித்தால் வேலைக் கடிதம் வரும். கடிதம் வந்தால் விசா. வராவிட்டால், மாதம் ஒரு முறை பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு வரும் விடியல்களில் மைதானத்தில் வரிசையாகக் குந்தியிருப்பது. இரண்டு தடவை அவனைக் கொண்டுபோய் மறுநாள் விட்டிருந்தார்கள்.

"மூண்டாந்தரம் விடமாட்டாங்கள் எண்டு நினைக்கிறன்" என்று ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னான். மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

இரண்டு நிமிடம் என்றால், செக்கனுக்கு இருபத்தைந்து என்று மூவாயிரம் தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு படத்தையும் கணினி நான்கு நிமிடம் எடுத்து வரைந்தது. எல்லாம் அந்தக் குளத்தால். தண்ணீர் மீது விழுகிற வெளிச்சம் சுவரில் ஆடும், சுவரிலிருந்து மறுபடி தண்ணீருக்கு வரும், அதை ஒவ்வொரு புள்ளியாக அது கணக்குப் பார்க்கும். பார்க்கப் பார்க்கச் சூடேறும். தொண்ணூறு பாகைக்கு வந்ததும் மூச்சை விட்டுவிட்டு அணைந்துவிடும். நாற்பது நிமிடத்துக்குப் பத்துப் படம், பிறகு அது ஆறும்வரை நாங்கள் விசிறிக்கொண்டு இருக்க வேண்டும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேரே திருப்பி வைத்தோம். நோயாளிக்கு வைப்பது போல. விசிறி தூசியைத்தான் உள்ளே அனுப்பியது. எட்டு நாள் போயிற்று. ஆயிரத்து முந்நூறு படம் முடிந்திருந்தது. இதே நடையில் போனால் தவணைக்குப் பிந்தும் என்பதைக் கணக்குப் போடாமலே இருவரும் அறிந்திருந்தோம்.

தண்ணீரால் குளிர வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து எங்கெங்கோ ஊர்க்காரர்கள் எழுதியதையெல்லாம் அச்சடித்துக் கொண்டுவந்தேன். எது குளிர்மை, எது சத்தம் குறைவு, எது ஒழுகும்.

"தண்ணியையும் கரண்டையும் ஒண்டா வைக்கிறதே? உனக்கென்ன விசரே?"

"கார்ல இருக்குல்ல மச்சான்."

"கார் ஒழுகினா ரோட்டில ஒழுகும். இது ஒழுகினா என்ர சீவியத்தில ஒழுகும்."

ஆனாலும் இரண்டு இரவு கழித்து அவனே அந்தத் தாள்களை எடுத்து வாசித்தான். பென்சிலால் கட்டம் போட்டு ஒரு அட்டவணை எழுதினான். மூன்று வகை இருந்தது. ஒன்று, கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக நிற்பது. இரண்டு, பம்ப், ரேடியேட்டர், குழாய், தண்ணீர்ப் போத்தல் என்று தனித்தனியாக வாங்கி நாமே பூட்டுவது. மூன்று, தொழிற்சாலையிலேயே தண்ணீர் அடைத்து மூடியது. அப்போதுதான் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. மூன்றாவதைச் சுற்றி அவன் வட்டம் போட்டான்.

"இதைத்தான் வேண்டிக்கொண்டு வா. மூடினது. மற்றதுகளைத் தொடாத."

சரி என்றேன். அவனை நான் கூட்டிப்போகவில்லை. அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். எனக்குத் தெல்தோட்டை. அந்த ஒரு வரியின் பலத்தில் கடைக்குப் போகிற எல்லா வேலையும் என்னுடையது.

கண்டிக்கு வெளியே, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, அக்குறணையில் ஒரு கடை இருந்தது. முன்னால் குடையும் பள்ளிப் பைகளும் தொங்கும். உள்ளே போனால் கணினிச் சாமான். நடத்துபவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் நானா என்பேன், அவர் தம்பி என்பார். ஒரு திங்கட்கிழமை காலை போனேன். மூன்று வகையும் அவரிடம் இருந்தது.

"எதையும் கேட்டு வாங்க ஏலா தம்பி. ஓட்டிப் பாத்துத்தான் வாங்கணும்" என்றார். பிஸ்கட் தகர மூடி ஒன்றின் மேல் ஒரு மதர்போர்டைத் திறந்தபடி வைத்திருந்தார். அதுதான் அவருடைய பரீட்சை மேடை. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம். புரோசெசரை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூட்டைத் தாளில் எழுதினார்.

வெளிப்பெட்டி அறுபத்தொன்று பாகை. ஆனால் மாவு அரைக்கிற மில் மாதிரி இரைந்தது. "இது ஒங்க அறையில ஈந்தா நீங்க வெளிய படுக்கணும்" என்றார்.

பூட்டுகிற செட்டை அவரே பூட்டினார். செப்புக் கட்டை, கறுப்புப் பம்ப், நீளமான ரேடியேட்டர், அதில் இரண்டு விசிறி. பச்சைப் போத்தலைத் திறந்து ஊற்றியபோது அந்த இனிப்பு வாசம் கண்ணாடி மேசை முழுக்கப் பரவியது. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. "தொழுதிட்டு வாரன். நான் வாரமட்டும் ஓடட்டும்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் நானும் அதுவும் மட்டும். குழாய்க்குள் பச்சை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலையில் மழைக்குப் பிறகு ரோட்டோரக் கானில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் எனக்கு நகர மனம் வராது. அதே நோய். அவர் திரும்பி வந்தபோது ஐம்பத்து நான்கு பாகையில் நின்றது.

மூடியதைச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினோம். இருவரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தபோது அறுபத்து மூன்று. சத்தமே இல்லை.

"இத எடுங்க" என்று அவர் மூடியதைத் தள்ளினார். அதற்குப் பெட்டி இருந்தது. பெட்டியில் படம் இருந்தது. கணினியின் படம், அதற்குள் இந்தச் சாமானின் படம், சிரிக்கிற ஒரு பொம்மை.

"அது ஒம்பது பாகை கொறைய நானா" என்றேன், பூட்டுகிற செட்டைக் காட்டி.

"ஒம்பது பாகைய வெச்சி என்ன செய்யப் போறீங்க? தொண்ணூறுல தானே நிக்குது. அறுபத்திமூணும் போதும்."

போதும்தான். அது எனக்கும் விளங்கியது. ஆனால் அந்தப் பச்சை என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த எண்ணைப் பார்த்த பிறகு கூடிய எண்ணை எடுத்துக்கொண்டு போக மனம் இல்லை. செட்டைத்தான் எடுப்பேன் என்றேன். அவர் மூடியதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"சரி. இதுக்குப் பெட்டி இல்ல. துபாயிலேந்து சூட்கேசுல வந்த சாமான். கழட்டிப் பையில போட்டுத் தாரன். பாலத்துல ஆமிக்காரன் எறக்குவான். இது என்னன்னு கேப்பான். என்ன சொல்லுவீங்க?"

"வத்துர பொம்பய" என்றேன். தண்ணீர்ப் பம்புக்குச் சிங்களத்தில் அப்படித்தான்.

அவர் நெற்றியில் கை வைத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.

"தம்பி, நீங்க சொல்றது பம்ப் இல்ல. குண்டு."

இதை நான் எழுதிக் காட்டுவதே கஷ்டம். பம்புக்கு அவர்கள் வாயில் இரண்டு உதடும் ஒட்டிப் பட்டென்று விரியும், மூச்சு மட்டும் வரும். குண்டுக்குத் தொண்டையும் சேர்ந்து அதிரும். எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. அதுவும் ம் என்ற ஒற்றுக்குப் பின்னால் வந்தால் தமிழ் வாய் அதைத் தானாகவே கனமாக்கிவிடும். பாம்பு, கம்பி, அம்பு, நாம் யாரும் வேறு மாதிரிச் சொல்லிப் பழகவில்லை. கொம்பியூட்டர் என்று சொல்லும்போதும் அதே கனம்தான். நாள் முழுக்க அந்த எழுத்தை அச்சுக்குக் கொடுத்தவன் நான். அதற்குள் இரண்டு ஒலி இருப்பதை அக்குறணையில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

நானா பல தடவை சொல்லிக் காட்டினார். நான் பல தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வெடித்தது.

"மோட்டர்னு சொல்லிர்றேனே?"

"நல்லா ஈக்கி. பம்ப விட்டுட்டு மோட்டார் கொண்டாந்தன்னு சொல்லுங்க. நேத்தைய பத்திரிகைல என்ன தலைப்பு? மோட்டார்க் குண்டுத் தாக்குதல்."

இருவரும் சிரித்தோம். கடைக்கு வந்த ஒரு பெண் பள்ளிப் பையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். கடைசியில் அவரே முடிவு சொன்னார். "ரேடியேட்டர். அவ்வளவுதான். இந்த மலையில ரேடியேட்டர் தெரியாத மனிசன் இல்ல. கொம்பியூட்டர் ரேடியேட்டர். வேற ஒரு சொல்லும் வாயில வரப்படாது. ஏலாட்டி மூடினத எடுங்க, பெட்டியில படம் ஈக்கி, நீங்க வாயே தொறக்க வேணாம்."

ஏலும் என்றேன். ரேடியேட்டர், ரேடியேட்டர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். வெறும் பஸ் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் காத்திருக்கும். மேசைக்குப் பின்னால் இளம் சிப்பாய் ஒருவர். என் பையைத் திறந்து ரேடியேட்டரை எடுத்தார். நான் "கொம்பியூட்டர் ரேடியேட்டர்" என்றேன். தலையாட்டினார். நானா சொன்னது சரியாகிவிட்டது. பிறகு அவர் கை மறுபடி உள்ளே போய்ப் பம்பை எடுத்தது. கறுப்பாக, கைக்குள் அடங்குகிற அளவில், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் தொங்க.

"மே மொக்கத்த?" இது என்ன?

கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பிறவி நான். அது ரேடியேட்டர் இல்லையே. எது எதுவோ அதை அதுவாகச் சொல்ல வேண்டும் என்று நாக்கு நினைத்துவிட்டது.

"வத்துர பொம்பய" என்றேன்.

வரிசை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் இருந்தவர் ஓர் அடி பின்வாங்கினார். சிப்பாய் பம்பை மிக மெதுவாக மேசையில் வைத்தார். மறுபடி சொல்லச் சொன்னார். நான் உதட்டை ஒட்டி, கவனமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கவனம் கூடக் கூட அது மோசமாகிக்கொண்டே போனது.

சார்ஜன்ட் வந்தார். நடுவயது, காதோரம் நரை. பம்பைத் தொடாமல் பையைப் பார்த்தார். பச்சைப் போத்தலை எடுத்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார். அந்த நாட்களில் சாவடிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனால் அவர்கள் முன்னால் ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் குடிப்பார்கள், கர்ப்பிணிகளும் குடிப்பார்கள். சார்ஜன்ட் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"பொன்ன." குடி.

"பே சேர்" என்றேன், முடியாது என்று. ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது. "வஸ." விஷம்.

குண்டும் விஷமும் கொண்டுவந்தவனாக நான் ஒரு மணல் மூட்டை அடுக்குக்கு அருகில் உட்கார்த்தப்பட்டேன். பஸ் அந்தப் பக்கத்திலிருந்து ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரும் அடிக்கவில்லை. கையை முழங்காலில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கீழே மகாவலி தன்பாட்டுக்கு ஓடியது. சட்டைப் பையில் இருந்த பில்லை எடுத்தார்கள். நானா அவசரத்தில் வோட்டர் கூலிங் என்பதைச் சுருக்கி 'டபிள்யூ.சி. செட் ஒன்று' என்று எழுதியிருந்தார். சார்ஜன்ட் பில்லையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். இது கக்கூசில் எங்கே பூட்டுவது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். பில்லில் தொலைபேசி இலக்கம் இருந்தது. அவரே கூப்பிட்டார்.

நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். மடியில் ஒரு சிறு பற்றரி. வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே சார்ஜன்டிடம் போய்ச் சிங்களத்தில் பேசினார், அங்கேயே பிறந்து வளர்ந்த வாய். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

வாளிக்குச் சிங்களத்தில் பால்திய என்பார்கள், அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கலவர நாட்களில் தெருவில் மறித்து, வாளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்களாம். அதன் முதல் எழுத்திலும் அதே தொண்டை அதிர்வு. அதைச் சரியாகச் சொல்ல வராதவன் தமிழன். என் அப்பா தோட்டத்தில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லிப் பழகியதை நான் கேட்டிருக்கிறேன். நானா அதைச் சாதாரணமாகச் சொன்னார். வாளி வந்தது. பம்பை அதற்குள் வைத்து வயரைப் பற்றரியில் தொட்டார். குழாயின் மறுமுனையிலிருந்து தண்ணீர் வளைந்து பாய்ந்து இளம் சிப்பாயின் சப்பாத்தை நனைத்தது. அவர் துள்ளினார். சார்ஜன்ட் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன்ட் என் பக்கம் திரும்பி அந்தச் சொல்லைச் சரியான ஒலியில் சொல்லிக் காட்டினார், பிள்ளைக்குச் சொல்வது போல. நானும் திருப்பிச் சொன்னேன். அவர் கையை அசைத்து, வேண்டாம் விடு என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒரு கொப்பியைத் திறந்தார். மறித்து வைத்த ஆளைப் பதியாமல் விட முடியாது, அது அவர் வேலை. பெயர். விலாசம். அறையில் வேறு யார்? பொய் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரர் கொடுத்த பட்டியல் பொலிஸில் இருந்தது. பொய் பிடிபட்டால் அவனுக்குத்தான் இன்னும் மோசம். அவன் பெயரைச் சொன்னேன். அவன் எந்த ஊர் என்றார். நான் சொன்னதும் பேனை ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக எழுதியது. நானா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பச்சைப் போத்தலை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். என்னை மஹியாவை வரைக்கும் நானாதான் ஏற்றிப்போய் இறக்கினார்.

"ஒரு சொல்லுதானே தம்பி வாயில வரப்படாதுன்னு சொன்னன்."

"தானா வந்துருச்சு நானா."

"வரும். வராம என்ன" என்றார். பிறகு, "பற்றரித் தண்ணி ஊத்துங்க. பச்சை இல்லாட்டியும் ஓடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் படியேறியபோது அவன் மேசை விசிறிக்கு முன்னால் குந்தியிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். எதை வாங்கினேன் என்பதையும், ஏன் என்பதையும், கொப்பியில் என்ன எழுதினார்கள் என்பதையும். அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன்.

"என்ர ஊரையும் சொன்னியே?"

"சொன்னேன்."

"சரி. பம்பை எடு."

மறுநாள் காலை பெற்றோல் நிலையத்தில் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கிவந்தேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, கீழே பத்திரிகைத் தாள்களை விரித்து, எங்கே சொட்டுகிறது என்று பார்த்தோம். தலைப்புச் செய்திகளின் மேல் ஒரு ஈர வட்டம் வந்தது. குழாய் மூட்டு ஒன்றை இறுக்கினோம். மறுபடி ஒரு வட்டம், மறுபடி இறுக்கல். குழாயில் காற்று அடைத்துக் குளுக் குளுக் என்றது. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது போலப் பெட்டியை அணைத்துச் சாய்த்து ஏப்பம் விடவைத்தான். மத்தியானம் தாள் காய்ந்து கிடந்தது. ஓடவிட்டோம்.

ஐம்பத்தாறு பாகை. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், அதே ஐம்பத்தாறு. நாங்கள் விசிறியை அணைத்தோம். எட்டு நாளாக இருந்த இரைச்சல் நின்றதும் கீழே கடையில் யாரோ அரிசி அளக்கிற சத்தம் கேட்டது.

"உன்ர ஒம்பது பாகை" என்றான். 

வியாழக்கிழமை இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றவா என்று ஒருவர் கேட்டார், அவ்வளவு மரியாதை. கணினியைப் பார்த்தார்கள். திரையில் குளத்தின் ஒரு மூலை வரைந்துகொண்டிருந்தது. இளையவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். மூத்தவர் அவனுடைய அட்டையை வாங்கி எழுதிக்கொண்டு, ஊர்க் கிராம சேவகரிடமிருந்து ஒரு கடிதத்தோடு திங்கட்கிழமை நிலையத்துக்கு வரச் சொன்னார். பாதை மூடியிருக்கிறது, கடிதம் எப்படி எடுப்பது என்று நான் கேட்டேன். அது அவருக்கும் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை என்றார் மறுபடியும்.

அன்றே போய்விடு என்றேன். மீதியை நான் ஓடவிட்டு அனுப்புகிறேன்.

"நீ அனுப்புவாய். ஒரு படத்தில பிழை வந்தா உனக்குத் தெரியுமே? குளம் பச்சையா வந்தாலும் வடிவா இருக்குது எண்டு விட்டுடுவாய்." திரையில் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஞாயிறு வரைக்கும் நிக்கிறன். அது முடியட்டும். அது முடியாமப் போனா நான் எங்க போனாலும் இதே பதிவுதான்" என்றான்.

அந்த மூன்று நாட்களும் படியில் யார் ஏறினாலும் நாங்கள் பேச்சை நிறுத்தினோம். பால்காரர், வீட்டுக்காரர், பத்திரிகைப் பையன். அவர்கள் இறங்கிய பிறகு பம்பின் சத்தம் மட்டும் இருக்கும். காதை வைத்தால்தான் கேட்கும், ஓர் எறும்பு குறட்டை விடுவது போல. இவ்வளவு சின்னச் சத்தத்துக்காகத்தான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். மூடியதை வாங்கியிருந்தால் பொம்மைப் படத்தோடு பாலத்தைக் கடந்திருப்பேன். அறுபத்து மூன்று பாகையில் இதே மூவாயிரம் படமும் இதே ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும், யாரும் வந்திருக்கமாட்டார்கள். இதை அவனும் கணக்குப் பார்த்திருப்பான். மீன் குழம்பு வைத்தான். நான் பேசவில்லை.

அவனுக்கு வேலை கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து, கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது, கடிதம் கையில் என்று. பிறகு கோலாலம்பூரிலிருந்து ஒன்று. பிறகு இல்லை. ஆனால் அந்த ஞாயிறு காலையில் எங்களுக்கு அது எதுவும் தெரியாது. கடைசிப் படம் விடியற்காலையில் முடிந்தது. முழுவதையும் சேர்த்து ஓட்டினோம். இரண்டு நிமிடம். கதவு திறக்கிறது, படி இறங்குகிறது, வளைந்து போனால் குளம், சுவரில் ஆடும் வெளிச்சம். ஆள் யாரும் இல்லாத ஹோட்டல். அவன் இரண்டு குறுந்தட்டில் பதித்து, ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றைச் சட்டைக்குள்ளும் வைத்தான்.

ரயில் நிலையத்துக்கு நடந்தே போனோம். ஆட்டோவில் போனால் மறிப்பார்கள், நடந்தால் ஊர்க்காரர் மாதிரி இருக்கும் என்றான். பெட்டி இல்லை, ஒரு தோள்பை மட்டும். கறிச்சட்டியை எனக்கே விட்டுவிட்டான். கொழும்பு ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக் கதவில் கையை வைத்து நின்றான். நான் ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"எல்லாம் என்னாலதான் மச்சான். நீ மூடுனதத்தான் வாங்கச் சொன்ன."

"ஓம். சொன்னனான்" என்றான்.

அதை இல்லை என்று சொல்லுவான் என்று நான் எங்கோ எதிர்பார்த்திருக்க வேண்டும்.  என் தோளில் ஒரு தடவை தட்டினான். விசில் ஊதினார்கள். ஏறி, உள்ளே திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்தான்.

"அறைக்கு வேற ஆளைப் பிடி. யாழ்ப்பாணத்தானைப் பிடிச்சுப்போடாத, என்ன?"